வெளியே நாலு மணி, காரணம் ஹேங் அவுட்

பித்தளைக் குழாய் செய்கிற கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷம் கேட் வாட்ச்மேனாக இருந்தவர் சுப்புராயன். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டாரே தவிர, அந்தப் பார்வையைக் கழற்றவில்லை. வில்லியனூரிலிருந்து மங்கலம் போகிற வழியில் இருக்கும் அவர் வீட்டு வாசலில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அதில் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் தலை முதல் கால் வரை அளப்பார். காய்கறி விற்கிற அம்மாகூட அவரைத் தாண்டும்போது கூடையைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டிவிட்டுத்தான் போவார் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். கிண்டல்தான், ஆனால் முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

கம்பெனியில் அவருக்கு அப்படி ஒரு பேர். ஷிப்ட் விட்டால் எல்லாரும் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டவேண்டும். பித்தளைத் துண்டு நல்ல விலை போகிற சரக்கு. தயிர்சாதத்துக்குள் புதைத்துக் கொண்டுபோனவன் உண்டு, குடைத்துணிக்குள் மடித்துக் கொண்டுபோனவன் உண்டு. அத்தனை பேரையும் பிடித்தவர் சுப்புராயன். டிபன் டப்பாவைக் கையில் வாங்கும்போதே உள்ளே சோறா, வேறா என்று சொல்லிவிடுவார். யார் முகத்தையும் பார்க்கமாட்டார். மூஞ்சி பொய் சொல்லும், பை சொல்லாது என்பது அவர் கட்சி. ஆட்களின் பெயர்கூட அவருக்குத் தெரியாது, டோக்கன் நம்பர்தான். பார்த்து முடித்ததும் “போலாம்” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அதைச் சொல்கிறவரை யாரும் நகரக் கூடாது. எவராவது முனகினால், “ரூல் ரூல்தான்” என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது.

இப்படிப்பட்ட மனுஷனின் வீட்டில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் மனைவி அமுதம் தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

“ஹேங் அவுட்டுக்குப் போயிட்டு வரேன்,” என்றாள்.

அமுதத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணமான நாளிலிருந்து நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போனவள். பத்து வருஷமாக ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை கூட்டி, மெத்தை விரித்துப் போடுகிற வேலை. அங்கே அவளோடு வேலை செய்கிற தேவி முப்பது வயதுக்காரி, பிளஸ் டூ படித்தவள், வருகிற விருந்தாளிகளோடு இங்கிலீஷ் பேசுகிறவள். வார்த்தை அவளிடமிருந்து வந்தது என்பது சுப்புராயனுக்கு உடனே புரிந்துவிட்டது. அப்படி என்றால் என்ன என்று கேட்டார்.

“சும்மா நாலு பேரு ஒக்காந்து பேசறது.”

“எதப் பத்தி?”

“அதான் சொன்னேனே. சும்மா.”

அவள் போய்விட்டாள். சுப்புராயன் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். சும்மா உட்கார்ந்து பேசுவதற்கு எதற்காக ஒரு பேர்? மூச்சு விடுவதற்குப் பேர் வைத்துக்கொண்டா போகிறார்கள்? அதோடு, பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து அவர் பார்க்காதவரா? குழாயடியில் உட்காருவார்கள், ரேஷன் கடை வரிசையில் உட்காருவார்கள், புளியில் கொட்டை எடுக்க உட்காருவார்கள், சாவு வீட்டில் உட்காருவார்கள். கையில் ஒரு வேலை இருக்கும், கூடவே வாயும் ஓடும். கை சும்மா இருந்து வாய் மட்டும் ஓடுவதற்கென்று பஸ் ஏறிப் போகிற பெண்களை அவர் கண்டதே இல்லை. ஆகவே ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினார்.

இவர் மட்டும் என்ன செய்கிறார் என்று கேட்டுவிடாதீர்கள். காலையில் இரண்டு மணி நேரமும் சாயங்காலம் இரண்டு மணி நேரமும் ஆதிமூலத்தின் டீக்கடை பெஞ்சில்தான் அவர் குடித்தனம். கையில் ஒரு கிளாஸ், அதுவும் பாதி நேரம் காலியாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும், “ஒரு வேலையா போயிருந்தேன்” என்பார். முப்பத்தைந்து வருஷமாக அமுதம் அது என்ன வேலை என்று கேட்டதில்லை.

கம்பெனியிலிருந்து வரும்போது பாதி எழுதாத கேட் ரிஜிஸ்டர் ஒன்று அவரிடம் தங்கிவிட்டது. தேதி, பெயர், வெளியே, உள்ளே, காரணம் என்று கட்டம் போட்டது. அன்று அதைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டினார். அமுதம், வெளியே நாலு மணி, உள்ளே ஆறு இருபது, காரணம் ஹேங் அவுட். எழுதி முடித்ததும் அவருக்கு ரொம்ப நாளைக்கப்புறம் உடம்பில் ஒரு தெம்பு வந்தது.

அடுத்த ஞாயிறு அவள், “சில் பண்ணிட்டு வரேன்” என்றாள். அதற்கடுத்த வாரம் கேட்ச் அப். நாலாவது வாரம் கெட் டுகெதர். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில், சும்மா ஒக்காந்து பேசறது. கட்டத்தில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது அவருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. கேட்டில் இருபத்தாறு வருஷம் நின்றவருக்கு இதுகூடத் தெரியாதா? உண்மை சொல்கிறவன் ஒரே காரணத்தைத்தான் சொல்வான். ஒரே விஷயத்துக்கு வாரத்துக்கு ஒரு பேர் சொல்கிறவன் மடியில் என்னவோ இருக்கும்.

ஆதிமூலத்திடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். ஆதிமூலம் பாலை ஆற்றிக்கொண்டே, மகளிர் குழு லோனாக இருக்கும், பொருள் விற்கிற கம்பெனியாக இருக்கும், ஜெபக் கூட்டமாக இருக்கும், எலெக்ஷன் வருவதால் கட்சிக் கூட்டமாகக்கூட இருக்கும் என்று அடுக்கினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, இந்தக் காலத்தில் பெண்களும் பாருக்குப் போகிறார்கள் என்றார். போதாதா? அன்றிலிருந்து அமுதம் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் சுப்புராயன் ஏதோ எடுக்கப் போகிறவர் மாதிரி அவள் அருகே போய் மூச்சை இழுத்துப் பார்த்தார். வேர்க்கடலை வாசனைதான் வந்தது. ஆனால் புடவையின் பின்பக்கத்தில் சிமெண்டுத் தூசி ஒட்டியிருந்தது. சிமெண்டு பெஞ்சு எங்கே இருக்கும்? பஸ் ஸ்டாப்பில் இருக்கும், கோயிலில் இருக்கும், சுடுகாட்டில் இருக்கும். மூன்றையும் நினைத்துப் பார்த்துக் குழம்பிப் போனார்.

ஐந்தாவது ஞாயிறு அவள் திரும்பி வந்து கால் கழுவப் பின்பக்கம் போன நேரத்தில், அவளுடைய கைப்பையை எடுத்துத் திறந்தார். பழகிய கை, சத்தமே வரவில்லை. ஒரு சீப்பு, கடலைத் தோல் கொஞ்சம், கைக்குட்டை, பஸ் டிக்கெட். அதற்கடியில் இன்னொரு சீட்டு. ரயில்வே நடைமேடைச் சீட்டு. வில்லியனூர்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரயில் ஏறுகிறவர்களுக்கு அந்தச் சீட்டு தேவையில்லை. யாரையாவது வழியனுப்பப் போகிறவர்கள் வாங்குவது, இல்லையென்றால் வருகிறவரை அழைத்துவரப் போகிறவர்கள் வாங்குவது. யார் வருகிறார்கள்? யாருக்காக இவள் ஞாயிற்றுக்கிழமை பூ வைத்துக்கொண்டு போகிறாள்? கேட்டால் என்ன பதில் வரும் என்று பயந்தபடி நிமிர்ந்தார். அமுதம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வந்து பையை வாங்கினாள், சீட்டை வாங்கினாள், உள்ளே வைத்தாள்.

“இன்னொரு தடவை என் பையில கைய வச்சீங்கன்னா, நான் மகாலட்சுமி வூட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்.”

மகாலட்சுமி அவர்களுடைய ஒரே மகள். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அமுதம் சொன்னால் செய்கிறவள் என்பது சுப்புராயனுக்குத் தெரியும். கோபப்படுகிறவன் பையைத்தான் இரண்டு தடவை பார்க்கவேண்டும் என்று உள்ளே ஒரு வாட்ச்மேன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனால் அவள் போய்விட்டால் தன் கதி என்ன என்ற நினைப்பு அந்த வாட்ச்மேனை அடக்கிவிட்டது. மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க இருவரும் சாப்பிட வாங்க, சாப்பிட்டாச்சு என்பதைத் தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ஆறாவது ஞாயிறு வந்தது. மூன்றரை மணிக்கு அமுதம் பரணிலிருந்து பெரிய நீலப் பையை இறக்கினாள். ஜிப் வைத்த பயணப் பை. மகள் பிரசவத்துக்கு விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் தங்கியபோது கொண்டுபோன அதே பை. உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி என்னவோ அடுக்கினாள். வெளியே வந்தபோது பை உப்பியிருந்தது. இந்தத் தடவை காரணம் எதுவும் சொல்லவில்லை. நாலு மணி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ரிஜிஸ்டரை எடுத்து, காரணம் என்ற கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்தவர் அதை எழுதாமலே எழுந்தார். மொபெட்டைக் கிளப்பி பஸ்ஸின் புகையிலேயே போனார். அவள் இறங்கி நேரே ஸ்டேஷனுக்குள் போனதைப் பார்த்தார். வண்டியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனார். சீட்டு வாங்கவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. அத்தனை பேரிடம் ரூல் பேசிய மனுஷன்.

நடைமேடையின் கோடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் மூன்று பெண்கள். ஒருத்தி தேவி. இன்னொருத்தி செல்வகுமாரி, ஜாக்கெட் தைக்கிறவள், எப்போதோ பார்த்த ஞாபகம். மூன்றாவது ஒல்லியான, தலை நரைத்த ஒரு அம்மா. அமுதம் பேச்சில் ராமாயி அக்கா, ராமாயி அக்கா என்று வருமே, அவராக இருக்கும். கெஸ்ட் ஹவுஸ் சமையல்கட்டில் பாத்திரம் துலக்குகிறவர். அமுதம் நீலப் பையைக் காலடியில் வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். தேவி ஏதோ சொன்னாள். அமுதம் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. தூணுக்குப் பின்னால் நின்ற சுப்புராயனுக்கு அந்தச் சிரிப்பே சாட்சியாகிவிட்டது. புருஷனை விட்டுப் போகிறவளுக்கு வழியனுப்ப ஆள் வந்திருக்கிறது, சிரிப்பு வேறு என்று நினைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. விழுப்புரம் என்ற ஒரே சொல்தான் அவர் காதில் விழுந்தது.

எப்படி அத்தனை தூரம் நடந்தார் என்று அவருக்கே தெரியாது. போனார், குனிந்தார், பையைத் தூக்கி பெஞ்சின் ஓரத்தில் வைத்தார், ஜிப்பை இழுத்தார். அவர் கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. பிளாஸ்க் வந்தது. எவர்சில்வர் டம்ளர் நாலு வந்தது. தூக்குச் சட்டியில் கேசரி, இன்னும் சூடு ஆறவில்லை. பெஞ்சில் விரித்துக்கொள்ள ஒரு பழைய போர்வை. பொட்டலத்தில் வேர்க்கடலை. அவ்வளவுதான். பக்கவாட்டு அறைகளையும் தட்டிப் பார்த்தார், அடிப்பக்கத்தையும் அமுக்கிப் பார்த்தார். மாற்றுப் புடவை இல்லை, பாஸ்புக் இல்லை, எதுவும் இல்லை. இந்த வாரம் டீயும் பலகாரமும் கொண்டுவருகிற முறை அமுதத்துடையது, அதுதான் பை பெரிதாக இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. ராமாயி எழுந்தார். தன் ஒயர்கூடையைத் திறந்து டிபன் டப்பாவை எடுத்தார். மூடியைக் கழற்றி, டப்பாவை இரண்டு கையாலும் சுப்புராயன் முன்னால் நீட்டினார். தலை குனிந்திருந்தது.

சுப்புராயன் டப்பாவைப் பார்த்தார். மூடியில் ஒரு நசுங்கல், காது ஒன்று ஒடிந்து கம்பி கட்டியது. அந்த டப்பாவை அவர் எத்தனையோ நூறு தடவை கையில் வாங்கியிருக்கிறார். டோக்கன் நூற்றுப் பதினாறு. கெஸ்ட் ஹவுஸுக்குப் போகும் முன்னால் கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை, ஒன்பது வருஷம். ஒருநாளும் அதற்குள் ஒரு திருகாணிகூட இருந்ததில்லை. முகத்தை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

“ராமாயி அக்கா, ஒக்காரு. இது கம்பெனி இல்ல,” என்றாள் அமுதம்.

“இல்ல அமுதம். அவரு சொல்லணும்.”

ராமாயி அதை நக்கலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுப்புராயன் தப்பித்திருப்பார். ஒன்பது வருஷம் பழகிய உடம்பு, இந்த ஆளைப் பார்த்ததும் தானாக எழுந்து நின்றுவிட்டது. சுப்புராயன் போலாம் என்று சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. விழுப்புரம் வண்டி வந்து நின்றது. நாலைந்து பேர் இறங்கினார்கள், ஏறினார்கள். வண்டி போய்விட்டது. அந்த பெஞ்சிலிருந்து யாரும் அதில் ஏறவில்லை. ராமாயி டப்பாவை நீட்டியபடியே நின்றார். கடைசியில் தேவிதான் அதை வாங்கி மூடி, அந்த அம்மாவைத் தோளில் தொட்டு உட்கார வைத்தாள்.

அமுதம் பொருள்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தாள்.

“நாலு பொம்பளைங்க டீக்கடையில ஒக்காந்தா ஊரே பாக்கும். கோயில்ல ஒக்காந்தா இன்னா கஷ்டம்னு கேப்பாங்க. இங்க ஒக்காந்தா வண்டிக்கு நிக்கறாங்கன்னு யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. அதுக்குத்தான் இங்க வரோம்,” என்றாள். “ஊர் சுத்தறது, வாயடிக்கறது, வெட்டிக்கதை. நாங்க ஒக்காந்தா நம்ம ஊர்ல வேற பேரு ஏது? தேவி சொல்ற இங்கிலீஷ் வார்த்தையில திட்டு இல்ல. அதான் சொல்லிகினு இருந்தேன்.” ஜிப்பை மூடினாள். “வூட்டுக்குப் போங்க. நான் ஆறு மணிக்கு மேல வரேன்.”

சுப்புராயன் வீட்டுக்கு வந்தார். விளக்குப் போடத் தோன்றவில்லை. அவள் வரமாட்டாள் என்றே நினைத்தார். அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் வந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். மகாலட்சுமிக்கு போன் செய்ய எடுத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் கீழே வைத்தார். ஆறு இருபதுக்குத் தெருமுனையில் அவள் வருவதைப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. மன்னித்துக்கொள் என்று சொல்ல எழுந்தார்.

அமுதம் உள்ளே போகவில்லை. அவர் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள். நீலப் பையைக் கீழே வைத்து ஜிப்பைத் திறந்தாள். பிளாஸ்க், டம்ளர், தூக்குச் சட்டி, போர்வை என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். கைப்பையையும் திறந்து பக்கத்தில் வைத்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“இன்னாடி இது?”

“பாத்துக்குங்க.”

“வேணாம் அமுதம். தப்புதான்.”

“ரூல் ரூல்தான்,” என்றாள் அமுதம். குரலில் கோபம் இல்லை, ஒன்றும் இல்லை.

கொசு கடித்தது, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது, அவள் நகரவில்லை. அவர் குனிந்து, டம்ளர்களைப் பார்த்து, “போலாம்” என்று சொன்ன பிறகுதான் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். போய், எப்போதும்போல் அவருக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தாள். மாத்திரையும் எடுத்துக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து நாலு மாசம் ஆகிறது. அமுதம் மகள் வீட்டுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்குப் போகாமலும் இல்லை. போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, பையைத் திறந்து அவர் முன்னால் வைக்கிறாள். ரிஜிஸ்டரைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டதாக அவளிடம் சொல்லிப் பார்த்தார். சரி என்றாள், பையைத் திறந்தாள். ஒரு வாரம் மூன்றரை மணிக்கே ஆதிமூலத்தின் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் அங்கேயே வந்தாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் ஜிப்பை இழுத்தாள். ஆதிமூலம் பால் பொங்குவதைக்கூட கவனிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் சுப்புராயன் ஞாயிற்றுக்கிழமை வீட்டைவிட்டு வெளியே போவதில்லை.

போன வாரம் அவர் துணிந்து ஒன்று சொன்னார். அமுதம் பூ வைத்துக்கொண்டு வந்து பையைத் திறந்தபோது, அவர் அதைப் பார்க்காமல் அவளையே பார்த்தார். நெற்றியில் இரண்டு கோடு புதிதாக விழுந்திருந்தது. காதோரம் நரை இறங்கியிருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் இந்த முகத்தை இத்தனை நேரம் சேர்ந்தாற்போல் பார்த்த நாள் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

“பைய மூடு அமுதம். நான் உன் மூஞ்சியப் பாத்தே அனுப்பறேன்.”

அமுதம் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“மூஞ்சி பொய் சொல்லும்னு நீங்கதானே சொல்வீங்க.”

நாலு மணி பஸ் முனையில் ஹாரன் அடித்தது. அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பை திறந்தபடியே கிடந்தது. சுப்புராயன் குனிந்தார். சீப்பு, கைக்குட்டை, கடலைப் பொட்டலம். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“போலாம்,” என்றார்.